‘இருந்தாலும்’ இல்லாத கறுப்பு

கேள்வி:

பாளையங்கோட்டையில் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஓவியம் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. மகள் லண்டனில் இருக்கிறாள். 2025 நவம்பரில் அங்கே போயிருந்தபோது ஒரு மழை நாளில் பிக்கடில்லியில் உள்ள ராயல் அகாடமிக்கு அழைத்துப் போனாள். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற அமெரிக்க ஓவியரின் கண்காட்சி. கறுப்பின மக்களைப் பற்றிய படங்கள் என்று அவள் சொன்னதும், விலங்கும் சவுக்கும் அழுகையுமாக இருக்கும், மனசு கனத்துத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். உள்ளே போனால் முடிவெட்டும் கடை, பெண்கள் தலை அலங்காரம் செய்துகொள்ளும் கடை, நூலகத்தில் நிற்கும் பிள்ளைகள். பல படங்கள் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் அட்டக் கறுப்பு. மனிதத் தோலில் அப்படி ஒரு கறுப்பு உண்டா? முதலில் எனக்குக் கண்ணும் மூக்கும்கூடச் சரியாகத் தெரியவில்லை. செல்போனில் எடுத்து வந்த படங்களில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கிறது.

பெண்கள் அலங்கார நிலையப் படத்தில் தரையில் மஞ்சளாக ஏதோ இழுபட்டுக் கிடந்தது. அது என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. மருமகன் நல்லவர்தான், ஆனால் வரும் வழியில், ‘கலையில் எதற்கு இனம், நிறம் எல்லாம்? படம் படமாக இருந்தால் போதாதா?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதைவிட, ஏழு வயதுப் பேத்தி ஒன்று கேட்டாள். ‘ஆச்சி, இவங்களும் நாமளும் ஒரே கலரா?’ நான் யோசிக்காமல், ‘இல்ல கண்ணு, நாம மாநிறம்’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தொண்டையை அடைத்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் அம்மா, ‘கறுப்பா இருந்தாலும் களையான பிள்ளை’ என்று சொன்னது அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் வரைக்கும் முகத்துக்குப் பவுடர் பூசாமல் நான் வகுப்புக்குப் போனதில்லை.

இவ்வளவு கறுப்பாக வரைவது அந்த மக்களைக் கேலி செய்வதாக ஆகாதா? இதை எப்படிப் பார்க்க வேண்டும்? பேத்திக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

— ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பாளையங்கோட்டை

பதில்:



கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். ‘கறுப்பா இருந்தாலும் களையான பிள்ளை.’ நம் ஊரில் கறுத்த நிறத்தோடு பிறந்து இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் அபூர்வம். சொல்கிறவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘இருந்தாலும்’ என்ன வேலை பார்க்கிறது என்று ஒரு தமிழாசிரியைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கறுப்பு ஒரு குறை என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு களையை வைத்து அதற்கு ஈடுகட்டுகிறது. பெண் பார்க்கும் பேச்சில் ‘மாநிறம்’ என்ற சொல்லும் பல சமயம் இதையே செய்கிறது. கறுப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு அந்தச் சொல்லுக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறோம்.

மார்ஷல் 45 வருஷமாக அந்த ‘இருந்தாலும்’ இல்லாமல் வரைந்து வருகிறார். நீங்கள் பார்த்த கறுப்பை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அது தொடங்கியது 1980-இல். முட்டைக் கருவில் நிறப்பொடியைக் குழைத்து வரையும் பழைய ஐரோப்பிய முறையில், ஒரு சின்னத் தாளில் அவர் ஒரு படம் வரைந்தார். ‘தன் பழைய உருவத்தின் நிழலாக ஓவியனின் படம்’ என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். பள்ளிக்கூட நோட்டைவிடச் சிறியது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு மனிதன், கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. கண்களின் வெள்ளையும், இடையில் ஒரு பல் இல்லாத சிரிப்பும், சட்டையின் முக்கோணமும்தான் முதலில் தெரியும். ரால்ஃப் எலிசன் 1952-இல் எழுதிய ஒரு நாவல் அவரை இந்தப் படத்துக்குக் கொண்டுவந்தது. கண்முன்னே நின்றாலும் பிறர் பார்க்க மறுப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு கறுப்பு மனிதனின் கதை அது. இருந்தும் இல்லாமல் இருப்பதை வண்ணத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கறுப்பின் மேல் கறுப்பை வைத்தார். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் வரைந்த கறுப்பு மனிதர்கள் எல்லோரும் அந்த அடர் கறுப்பிலேயே வந்தார்கள்.

நீங்கள் கேட்ட கேலி பற்றிய சந்தேகம் நியாயமானது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, வாயைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பு மூட்டும் நாடகங்கள் ஊர் ஊராக நடந்தன. 1980-ஆம் வருஷப் படத்தின் சிரிப்பில் அந்த வரலாறு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. கேலிக்குப் பயன்பட்ட அதே கறுப்பை எடுத்துக்கொள்கிறார் மார்ஷல். பிறகு வருஷக்கணக்காக உழைத்து, அதிலிருந்து கேலியைக் கழுவி எடுக்கிறார். கேலிச்சித்திரத்தில் கறுப்புக்கு உள்ளே ஒன்றும் இருக்காது, அது வெறும் நிரப்பல். இவருடைய கறுப்புக்குள் கன்னம் இருக்கிறது, கழுத்தெலும்பு இருக்கிறது, களைப்பும் யோசனையும் இருக்கின்றன. பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நான் ஓவியம் படித்தபோது எங்கள் ஆசிரியர் கறுப்புக் குழாயைத் தொடவே விடமாட்டார். ‘இயற்கையில் கறுப்பு கிடையாது, இருட்டு வேண்டுமானால் அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்து எடு’ என்பார். உலகம் முழுக்க ஓவியப் பள்ளிகளில் வழிவழியாக வந்த பாடம் அது. கறுப்பு, நிறங்களைச் சாகடிக்கும் என்ற நம்பிக்கை. மார்ஷல் அந்தப் பாடத்தைத் திருப்பிப் போட்டார். கடையில் கிடைக்கும் மூன்று கறுப்புகளை எடுத்துக்கொண்டார். ஒன்று, எலும்பைச் சுட்டு எடுப்பது. ஐவரி பிளாக் என்று பெயர். இன்னொன்று கார்பன் பிளாக், புகைக்கரி. நம் வீடுகளில் விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அந்த இனம். மூன்றாவது மார்ஸ் பிளாக், இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தடவினால் மூன்றும் ஒன்றல்ல என்று தெரியும். இவற்றோடு கோபால்ட் நீலம், குரோமியம் ஆக்சைடு பச்சை, ஊதா என்று அளவோடு கலந்து, குளிர்ந்த கறுப்பு, வெதுவெதுப்பான கறுப்பு என்று ஒரு குடும்பத்தையே உண்டாக்கினார். வெள்ளை கலந்து வெளுக்கச் செய்து முகத்துக்கு மேடுபள்ளம் கொடுக்கும் சுலபமான வழியை அவர் நாடவில்லை. ஒரு கறுப்புக்குப் பக்கத்தில் வேறொரு கறுப்பை வைத்தே மூக்கை நிமிர்த்துகிறார்.

ஆகவே உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, அம்மா. முதல் நிமிஷத்தில் யாருக்கும் அப்படித்தான். வெயிலிலிருந்து கோயில் கருவறை முன்னால் வந்து நின்றதும் மூலவர் தெரியமாட்டார். சற்று நின்றால் திருமேனி மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். இந்தப் படங்களும் அப்படிப்பட்ட நேரத்தைக் கேட்கின்றன. 2016 டிசம்பரில், நியூயார்க்கின் மெட் ப்ராயர் கட்டடத்தில் இவருடைய ‘மாஸ்ட்ரி’ கண்காட்சியை நான் பார்த்தேன். சிகாகோவில் தொடங்கி, நியூயார்க் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போன கண்காட்சி, 80-க்கு நெருக்கமான படைப்புகள். முதல் அறையில் வேகமாக நடந்துவிட்டு, மூன்றாவது அறையில்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய் முதலிலிருந்து பார்த்தேன்.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா தானாக வெளிச்சத்தைக் கணக்கிடும்போது, படத்தின் சராசரியைத்தான் பார்க்கும். பளீரென்ற நிறங்களுக்கு நடுவே உள்ள நுட்பமான கறுப்பு வேறுபாடுகளை அது ஒன்றாக அடித்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. பிலிம் காலத்தில், வண்ணப் படங்களை அச்சிடும் ஆய்வகங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஓர் அளவுகோல் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவள் தோல் சரியாக வந்தால் நிறங்கள் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் அதில் அமுங்கிப் போயின. பல நிறத்தவர் சேர்ந்து இருக்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. எந்த முகத்தை வைத்து உலகம் தன் கருவிகளைச் சரிபார்க்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் மருமகன் கேட்டதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. படம் படமாக இருந்தால் போதாதா என்றால், அப்படி இருந்த காலத்தில் அந்தப் படத்துக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் பெரிய ஓவியங்களில் கறுப்பர்கள் இல்லாமல் இல்லை. பழத்தட்டு ஏந்திக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, ஓரத்தில் நிற்பார்கள். மானே 1863-இல் வரைந்த புகழ்பெற்ற ‘ஒலிம்பியா’வில் பூங்கொத்து கொண்டுவரும் பணிப்பெண்ணாக ஒரு கறுப்புப் பெண் நிற்கிறாள். அவளுக்கு மாதிரியாக நின்ற பெண்ணின் பெயர் லோர் என்று மானேயின் குறிப்பிலிருந்து தெரிகிறது. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கட்டிலில் படுத்திருந்தவளைப் பற்றித்தான் எழுதினார்கள்.

மார்ஷல் 1955-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அந்த ஊரில் 1963-இல் வெள்ளை வெறியர்கள் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றார்கள். அதே வருஷம் அவருடைய குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்கு, வாட்ஸ் பகுதியிலிருந்த அரசுக் குடியிருப்புக்குக் குடிபோயிற்று. 1965-இல் வாட்ஸ் பற்றி எரிந்தது. இவ்வளவையும் சின்ன வயதிலேயே பக்கத்திலிருந்து கண்ட பிள்ளைக்கு ஓவிய ஆசை எங்கிருந்து வந்தது தெரியுமா? மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் வாழ்த்து அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் வந்த படங்களை வெட்டி ஒட்டி ஒரு புத்தகம் வைத்திருந்தார். சமர்த்தாக இருக்கும் பிள்ளைக்கு அதைப் புரட்டிப் பார்க்க அனுமதி. ஆசிரியையான உங்களுக்கு இது பிடிக்கும் என்று எழுதுகிறேன். பிறகு ஓட்டிஸ் கலைப் பள்ளியில், கறுப்பு மக்களை மாபெரும் கண்ணியத்தோடு கோட்டோவியங்களாக வரைந்த சார்ல்ஸ் வைட்டிடம் படித்தார்.

அருங்காட்சியகங்களில் இருந்த பழைய ஐரோப்பிய மேதைகளை மார்ஷல் வெறுக்கவில்லை. காதலித்தார். அவர்கள் வீட்டுக்கு நெருப்பு வைக்க அவர் வரவில்லை, உள்ளே ஓர் அறை கேட்டு வந்தார். அதுவும் ஓரத்து அறை இல்லை, நடுக்கூடம். அதனால்தான் படங்கள் அத்தனை பெரியவை. ஐரோப்பாவில் அந்த அளவுத் துணியை அரசர்களுக்கும் போர்களுக்கும் புனிதர்களுக்கும்தான் ஒதுக்கினார்கள். மார்ஷல் அதில் முடிவெட்டும் கடையை வரைகிறார். 1993-இல் வரைந்த ‘தெ ஸ்டைல்’ படத்தில் முடிதிருத்துபவர் ஒரு கையை உயர்த்தியிருக்கும் விதத்தில் புனிதர் படங்களின் சாயல் இருக்கிறது. 1994-95-இல் வரைந்த தோட்ட வரிசையோ வேறு மாதிரி. சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஏழைக் கறுப்பர்களுக்கான அரசுக் குடியிருப்புகள் பலவற்றின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் ஒட்டியிருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கேட்டாலே குற்றமும் பயமும்தான் நினைவுக்கு வரும். அவர் அங்கே வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய மூன்று ஆண்களை உட்காரவைத்து, உண்மையிலேயே பூச்செடி நட வைத்தார். அங்கே வளர்ந்த ஒருவர், அங்கே சந்தோஷமும் இருந்தது என்று சாட்சி சொல்கிறார்.

நீங்கள் எதிர்பார்த்துப் போன விலங்கும் சவுக்கும் ஏன் முன்னால் இல்லை என்பதற்கும் அதுதான் காரணம். ஒரு மக்களை அவர்கள் பட்ட அடியை மட்டும் வைத்து அடையாளம் காண்பதும் ஒருவகையில் பழைய ‘இருந்தாலும்’தான். பாவம் என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். மார்ஷலின் மனிதர்கள் உங்களை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். இரக்கத்தைக் கேட்கவில்லை.

இனி அந்த மஞ்சள். அதைக் கவனித்தீர்களே, அந்த அறையில் நடக்கிற எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். படத்தின் பெயர் ‘அழகுப் பள்ளி, பண்பாட்டுப் பள்ளி’ (2012). இப்போது அது அவர் பிறந்த ஊரான பர்மிங்காமின் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். தரையில் இழுபட்டுக் கிடப்பது ஒரு பெண்ணின் தலை. டிஸ்னியின் தூங்கும் அழகி, பொன்நிறக் கூந்தல்காரி. நேரே நின்று பார்த்தால் கோணல்மாணலாகத் தெரியும், பக்கவாட்டில் போய் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால் முகம் கூடிவரும். இந்த வித்தை ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ படத்திலிருந்து வந்தது. அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, நீங்கள் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அதில் செல்வச் செழிப்போடு நிற்கும் இரண்டு ஆண்களின் காலடியில் ஒரு மண்டையோடு இதேபோல் கோணலாகக் கிடக்கும். எத்தனை பட்டு உடுத்தினாலும் காலடியில் சாவு கிடக்கிறது என்பது ஹோல்பைன் சொன்னது.

மார்ஷல் மண்டையோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொன்கூந்தல் அழகியை வைத்திருக்கிறார். அழகு நிலையத்தில் அந்தப் பெண்கள் எல்லோரும் தங்கள் அழகில் தாங்களே நிறைந்து நிற்கிறார்கள். ஒருத்தி நம்மைப் பார்த்துத் தோரணையாக நிற்கிறாள். யாரும் தரையைப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் குனிந்து அந்த மஞ்சளை உற்றுப் பார்க்கிறது. பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிட்ட ஒன்று, அடுத்த தலைமுறையின் கண்ணில் படும் நொடி அது. உங்கள் பவுடர் டப்பாவும் பேத்தியின் கேள்வியும் எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தன.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பேத்திக்காக. அவர்கள் வரலாறும் நம் வரலாறும் ஒன்றல்ல. தமிழில் ‘இனம்’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பல காரியம் பார்க்கிறோம். தமிழினம் என்கிறோம், கறுப்பினம் என்கிறோம், பறவையினம் என்றும் சொல்கிறோம். அமெரிக்காவில் கறுப்பினம் என்பது தோலைப் பார்த்து இயற்கையாக உண்டான பிரிவு அல்ல, சட்டம் போட்டு உண்டாக்கிய பிரிவு. 1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் நிலை தாயின் நிலை; தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் வெள்ளைக்கார எஜமானாக இருந்து, பிள்ளை வெளுப்பாகப் பிறந்தாலும் அது விற்கவும் வாங்கவும் கூடிய உடைமை. பின்னாளில் மூதாதையரில் ஒரே ஒருவர் ஆப்பிரிக்கராக இருந்தாலும் கறுப்பர்தான் என்று பல மாநிலங்கள் எழுதிவைத்தன. அதனால் ‘கறுப்பர்’ என்று அழைக்கப்பட்டவர்களில் உண்மையில் எல்லா நிறமும் உண்டு: தேன், செம்பு, காப்பிக்கொட்டை, கோதுமை. மார்ஷல் இது தெரியாமல் எல்லோரையும் ஒரே கறுப்பில் வரையவில்லை. அவர் தோலை வரையவில்லை, அந்தச் சொல்லை வரைகிறார். ‘கறுப்பர்’ என்று பெயர் வைத்தீர்கள் அல்லவா, இதோ கறுப்பு, எங்கள் கையில் இது எவ்வளவு ஆழமானது பாருங்கள் என்கிறார். 1960-களில் அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் மேல் வீசப்பட்ட அந்தச் சொல்லையே எடுத்துப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த பையன் அவர்.

அப்படி இனம் பிரித்த சட்டங்களின் வாசலில் நம் நாட்டவரும் போய் நின்றதுண்டு. 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் மறுத்தது. அவருக்கு இழைக்கப்பட்டது அநியாயம்தான். ஆனால் ‘இனம் பார்த்துக் கொடுப்பது ஏன்’ என்று அவர் கேட்கவில்லை, ‘என்னையும் வெள்ளையரில் சேர்’ என்று கேட்டார். சாதியைக் காட்டி நிறத்தை வாங்கப் பார்த்த அந்த வாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. நம் ஊரில் தாழ்த்தப்பட்டவரை ஒதுக்கி வைத்தது நிறம் அல்ல, பிறப்பு. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தங்கை கறுப்பு என்று இருக்கிறோம், சாதி மாறுவதில்லை. நிறத்துக்காக நீங்கள் பட்ட காயம் உண்மையானது. அடிமைச் சந்தையின் காயம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

வரலாற்றைப் பொய்யாக்கக் கூடாது என்பதில் மார்ஷலே கறாரானவர். நீங்கள் போன கண்காட்சிக்காக ஆப்பிரிக்காவைப் பற்றிய புதிய படங்களையும் வரைந்திருந்தார். அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்றதை அவற்றில் மறைக்காமல் வைத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தன் சகோதரியோடு கடத்தப்பட்டு, பிற்பாடு 1789-இல் லண்டனில் தன் சரித்திரத்தைத் தானே எழுதி வெளியிட்ட ஒலாடா எக்வியானோவின் கடத்தலும் அதில் வருகிறது. சிலருக்கு இது பிடிக்கவில்லை. எதிரியின் வாய்க்கு அவல் கொடுப்பது போல ஆகும் என்று பயம். எனக்கு அவருடைய நேர்மையின் உச்சம் இதுதான் என்று தோன்றுகிறது. கறுப்பு மனிதரை முழு மனிதராக வரைவது என்று முடிவு செய்தால் அவர் செய்த தவறையும் வரையத்தானே வேண்டும்?

எல்லாப் படமும் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில படங்களில் குறியீடுகளை அடுக்கிக்கொண்டே போகிறார், மூச்சுவிட இடம் இல்லை. அவருடைய காமிக்ஸ் வரிசை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் 2007-இல் வரைந்த ஒரு படத்தின் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஸிப்பியோ மூர்ஹெட் என்று பாஸ்டனில் அடிமையாக இருந்த ஓர் ஓவியர். 1773-இல் லண்டனில் அச்சான ஃபிலிஸ் வீட்லியின் கவிதை நூலில் அவளுடைய உருவப்படம் இருக்கிறது. அதன் மூலத்தை வரைந்தவர் அவர் என்று கருதுகிறார்கள். வீட்லியும் அடிமைப் பெண்தான். அந்த நூலில் இந்த ஓவியருக்காகவே ஒரு கவிதை எழுதியிருக்கிறாள். ஆனால் அவர் கையெழுத்திட்ட ஒரு படம்கூட இன்று நம்மிடம் இல்லை. அவர் முகமும் யாருக்கும் தெரியாது. மார்ஷல் என்ன செய்தார்? அந்த மனிதர் 1776-இல் தன்னைத்தானே வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணி, அந்தச் சுயஉருவப் படத்தை அவருக்காக வரைந்துகொடுத்தார். கவிதையின் தலைப்பில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் விட்டுப்போன ஓவியனுக்கு, 230 வருஷம் கழித்து இன்னொரு ஓவியன் முகம் கொடுத்திருக்கிறான்.

நூலகப் படம் பற்றிச் சுருக்கமாக. ‘அறிவும் வியப்பும்’ என்ற அந்தப் படத்தை 1995-இல் சிகாகோவின் மேற்குப் பகுதியில், கறுப்பு மக்கள் வாழும் ஒரு பேட்டையின் கிளை நூலகத்துக்காக 10,000 டாலருக்கு வரைந்துகொடுத்தார். 2018-இல் அவருடைய வேறொரு படம் ஏலத்தில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போனதும், நகர நிர்வாகத்துக்கு ஆசை வந்து நூலகப் படத்தையும் விற்க ஏற்பாடு செய்தது. மார்ஷல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார், எதிர்ப்பு கிளம்பியது, மேயர் கைவிட்டார். அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்காக வரைந்தது விற்கப்படாமல் அந்த நூலகத்துக்கே உரியதாக இருக்கிறது.

உங்கள் பேத்திக்கு, ‘ஆமாம், ஒரே கலர்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ‘இல்லை’ என்றும் இல்லை. ஏழு வயதுக்கு 1662-ஆம் வருஷச் சட்டம் வேண்டாம். அவளுடைய கேள்வி கலரைப் பற்றியது, கலரிலேயே பதில் சொல்லலாம். அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது, நல்லெண்ணெய் விளக்கேற்றி, எரிகிற சுடரின் மேல் ஒரு பித்தளைத் தட்டை நீங்களே பிடித்துக் கரி எடுங்கள். அடுப்புக்கரி ஒரு துண்டை அம்மியில் பொடியுங்கள். கடையில் ஒரு கறுப்பு வாட்டர்கலர் குழாய் வாங்குங்கள். மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பிசினோடு குழைத்து, ஒரே வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பூசச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு அந்தத் தாளை உங்கள் கையின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் கையின் பக்கத்திலும். அன்றைக்கு முகத்துக்குப் பவுடர் வேண்டாம். எத்தனை கறுப்பு தெரிகிறது என்று அவளே எண்ணிச் சொல்லட்டும். எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.